நடந்துகொண்டே இருந்த காலியிடம்

டிரம் கோர் என்று சொன்னால் நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஸ்கூல் பேண்டு மாதிரியா?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போவார்கள், ஏதாவதொரு பள்ளியின் ஜிம் தரையில் படுப்பார்கள், வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி செய்வார்கள். எல்லாம் மைதானத்தில் வாசித்துக்கொண்டே அணிவகுக்கிற, பன்னிரண்டு நிமிடம்கூட வராத ஒரு நிகழ்ச்சிக்காக. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு என் மகள் "சம்மர் ஃபுல்லா இதான்ப்பா" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வயதுப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு நாயாய் அலைகிற நேரம் அது.

நான் மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கே குறை இருக்கிறது என்று தேடுவதற்கே சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. ஒரு தாளில் மூன்று நிபந்தனை எழுதினேன். சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை பேச வேண்டும். உடம்புக்கு ஏதாவது ஆனால் அடுத்த விமானத்தில் வீடு, அத்தோடு டிரம் கோருக்கு முழுக்கு. மூன்றாவதை அடிக்கோடிட்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கி, ஃபிரிட்ஜில் ஒட்டினேன். "அப்பா, திஸ் இஸ் ரிடிகுலஸ்" என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். என் மனைவி, "பொண்ணா, மாத்திரை டப்பாவா?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

ஜூலையில் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போனேன். அந்த வாரக் கடைசியில் சான் அண்டோனியோவில் அவளுடைய குழுவுக்குப் போட்டி. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தத்தான் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் தொழில் பழக்கம்.

மதியம் மூன்று மணி. வெளியே டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது, கூரை போட்ட ஸ்டேடியத்துக்குள் ஏசி குளிர். ஒரே நிற டி-ஷர்ட் போட்ட பெற்றோர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த பக்கம் இடம் பிடித்தேன். பக்கத்தில் ஒரு அமெரிக்கப் பெண்மணி. தன் மகன் டிரம் வாசிப்பதாகவும், தான் மூன்று வாரமாகக் குழுவின் சமையல் வண்டியில் உதவிக்கு இருப்பதாகவும் அவராகவே சொன்னார். நான் யாருடைய அப்பா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, கையுறை, முடியெல்லாம் தொப்பிக்குள். ஆணா பெண்ணா, கறுப்பா வெளுப்பா, ஒன்றும் தெரியவில்லை. முதல் ஊதலிலேயே நான் சீட்டில் பின்னால் சாய்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து அடித்தது. ஊதிக்கொண்டே ஓடுகிறார்கள், பார்க்காமலே பின்னால் நடக்கிறார்கள், ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குள் புகுந்து உரசாமல் வெளியே வருகிறது. என் வீட்டில் குடித்த தம்ளரைக் கழுவி வைக்காதவள் இதையா செய்கிறாள் என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் டிரம்பெட். அந்த வரிசையில் நடையை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். பெற்றவனுக்குத் தெரியாதா? போனை எடுத்து அவளையே வீடியோ எடுத்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் இல்லை. இரண்டு பேருக்கு நடுவே ஒருவர் நிற்கிற அளவுக்கு இடம் காலி. பல் விழுந்த வாய் மாதிரி. வரிசை வளைந்தது, காலியிடமும் வளைந்தது. வரிசை ஓடியது, காலியிடமும் ஓடியது. இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர்கள் ஆளுக்கொரு அடி தள்ளி நின்று அதை அடைத்திருக்கலாமே? குறையைக் கண்டுவிட்ட குஷியில் பக்கத்துப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "யாரோ தூங்கிப்போய்விட்டார்கள் போலிருக்கிறது." அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவில் எல்லோரும் ஒரே வரிசையாக எங்களைப் பார்த்து நடந்து வந்து, நின்று, மொத்த மூச்சையும் ஊதினார்கள். ஸ்டேடியமே எழுந்து நின்றது. நானும் எழுந்து, "சாமி! கண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கோயம்புத்தூரில் நடுராத்திரி தாண்டியும் விழித்திருந்தவர்கள் கைகூப்பினார்கள், நெருப்புப் படம் அனுப்பினார்கள். கூடவே மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, யாரை எடுத்து அனுப்பிருக்கீங்க?"

"நம்ம பொண்ணத்தான்."

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க. அது நம்ம பொண்ணே இல்ல. அவளுக்கு இடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். இது யாரோ பெத்த புள்ள."

"சும்மா இரு. நேர்ல பாக்கறது நானா, நீயா?"

"அந்த வரிசை முழுக்கப் பாத்துட்டேன். அவ இல்லவே இல்லைங்க."

 போனை வைத்துவிட்டுப் பக்கத்துப் பெண்மணியிடம் கேட்டேன். டிரம்பெட் வாசிப்பவர்கள் எல்லோரும் மைதானத்தில்தானே இருந்தார்கள்?

"ஒருத்தியைத் தவிர" என்றார் அவர். "நீங்கள் பார்த்தீர்களே, அந்தக் காலியிடம். யாரும் தூங்கவில்லை. ஜெர்சியிலிருந்து வந்த ஒரு பெண். பத்து நாளைக்கு முன் பயிற்சியில் பாதத்தில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. அவள் திரும்பி வருவாள் என்று அந்த இடத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கித் தருகிறாள். தங்கமான பிள்ளை. பெற்றவர்களிடம் சொல்லவில்லையாம். சொன்னால் அப்பா அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவாராம்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் பிள்ளை யார்?"

 மனதுக்குள் நாட்களை எண்ணினேன். பத்து நாள். அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். சாப்பிட்டியா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். எல்லாம் ஓகேவா என்றேன், ஓகே என்றாள். நானும் திருப்தியாக போனை வைத்தேன். அவள் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துத்தான் நான் கிண்டலடித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்பக்கம் பேருந்துகள் நிற்கிற பார்க்கிங்குக்கு ஓடினேன். சமையல் வண்டியின் நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் முழங்கால் வரை எலும்பு சேரப் போடுகிற கறுப்பு பூட், பக்கத்தில் ஊன்றுகோல்கள். வெயிலில் கறுத்து, இளைத்து, கன்ன எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. அப்பாவைப் பார்த்த முகமே இல்லை அது.

"ஏன் கண்ணு சொல்லல?" என்று கேட்டேன். பயமா கோபமா, எனக்கே தெரியவில்லை.

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்க."

"கால் உடைஞ்சிருக்கு! கூட்டிட்டுப் போகாம?"

"ஹேர்லைன் ஃபிராக்சர்தான்ப்பா. டூ மோர் வீக்ஸ்னு டாக்டர் சொல்லிட்டார். கடைசி வாரம் நான் மார்ச் பண்ணலாம்." ஆனால் வந்துவிடுவாள் என்று உறுதி தெரிந்தால்தான் இடத்தை வைத்திருப்பார்களாம். இல்லாவிட்டால் நாளைக் காலைப் பயிற்சியில் எல்லோருடைய நடையையும் மாற்றி அடைத்துவிடுவார்களாம். பதில் சொல்ல இன்றைக்குத்தான் கடைசி நாள்.

எனக்குள் இருந்த ஆபீசர் விடவில்லை. "ரூல்னா ரூல். கிளம்பு. பையை எடு" என்றேன்.

அவள் வாதாடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"ஓகே. ஆனா என்னால அவங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்த இடத்தை மூடிடச் சொல்லுங்க" என்று எதிர்ப்பக்கம் கை காட்டினாள்.

எதிரே பேருந்து ஓரமாக இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காகிதத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடுப்பின் மேல்பகுதியைக் கழற்றியிருந்தார்கள், வேர்வையில் முடி ஒட்டிக் கிடந்தது. காலியிடத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நடந்தவர்கள் அவர்கள்தானாம். அதில் ஒருத்தியைத்தான் நான் என் மகள் என்று வீடியோ எடுத்திருந்தேன். கிட்டே போய், ஊன்றுகோலோடு நிற்கிறவளின் அப்பா என்றதும் இருவரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒருத்தி முந்திக்கொண்டாள். "சார், நீங்கள் மேலே இருந்துதானே பார்த்தீர்கள்? இடம் சரியாக இருந்ததா? ஓடும்போது நான் காலியிடத்துக்குள் சரிந்து வந்துவிடுகிறேன் என்று இவள் சொல்கிறாள். உங்கள் மகளுக்கு இடம் குறைந்துவிடக் கூடாது. தினமும் இதற்குத்தான் சண்டை போடுகிறோம்."

இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் சரியா தவறா என்று கேட்டு நின்றிருக்கிறார்கள். இன்னொருத்தருக்கு இடம் குறைந்துவிடக் கூடாது என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் என் பெண்ணுக்கு என்று நான் ஒதுக்கியிருந்த இடம் ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரு தாள். இங்கே முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் ஓட்டத்துக்கு நடுவிலும் அவளுக்கு இடம் விட்டு ஓடியிருக்கிறார்கள்.

"ஒரு இடத்திலும் குறையவில்லை" என்றேன். பிறகு, "இன்னும் இரண்டு வாரம். வைத்திருங்கள்" என்றேன்.

ஒருத்தி என்னைத் தாண்டிப் பார்த்து, என் மகளின் பெயரைச் சொல்லி, "இரண்டு வாரம் வைக்கச் சொல்கிறார்!" என்று பார்க்கிங் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

திரும்பினேன். என் மகள் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். கால் உடைந்த அன்றுகூட அவள் அழவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். எலும்பு முறிந்ததைவிட என்னைப் பார்த்துத்தான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள்.