யூனிஸ் மிஸ் அழித்த சொல்

ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் யூனிஸ் பதினெட்டு வருடங்களாக ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறார். ஆண்டுதோறும் ஒரே பழைய சிறுவர் நாவலைத்தான் படித்துக்காட்டுவார். கடலில் தம்பி தத்தளிக்க, படகை எடுக்காமல் கரையிலேயே நின்றுவிட்ட அண்ணனின் கதை அது. பிறகு கதைமாந்தர், கதைக்களம், சிக்கல் என்று கரும்பலகையில் எழுதி, அண்ணனுக்கு நேரே 'வில்லன்' என்று போடுவார். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு சரிதா மட்டும் எழுதவில்லை. சாலைச் சந்திப்பில் மீன் விற்கும் அங்காளம்மாவின் மகள் அவள்.

"ஏம்மா எழுதல?"

"அவரு கெட்டவரு இல்ல மிஸ். அன்னிக்குக் காத்து எப்படி அடிச்சுதுன்னு கதையிலயே வருது. போயிருந்தா ரெண்டு பேரும் திரும்பியிருக்க மாட்டாங்க. எங்க மாமாவோட படகு கடல்ல கவுந்தப்போ அப்பாவும் கரையிலதான் நின்னாரு. மூணு நாளு சாப்பிடல."

யூனிஸ் பக்கத்தைப் புரட்டினார். காற்றைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. வெறும் வர்ணனை என்று அதை இத்தனை ஆண்டுகளும் வேகமாகக் கடந்திருந்தார். 'வில்லன்' என்பதை அழித்துவிட்டு, 'சிக்கல்: கடலும் காற்றும்' என்று எழுதினார்.

மாலையில் யூனிஸைச் சந்திப்பில் கண்டதும் அங்காளம்மா பதறி எழுந்தார்.

"இன்னா மிஸ், எதுனா தப்பு பண்ணிட்டாளா?"

"தப்பு என்னோடதுதான் அக்கா. பாடத்துக் கதையில வர்ற ஒரு நல்ல மனுஷனை இத்தனை வருஷமா வில்லன்னு சொல்லிட்டு இருந்தேன். உங்க பொண்ணுதான் திருத்தினா. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அங்காளம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"குந்துங்க மிஸ். அந்தக் கதைய எனக்கும் சொல்லுங்க."

யூனிஸ் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.