ரெண்டு விரல் அக்கா

ஹெல்மெட்டின் விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல். கூடினால் தொளதொளவென்று ஆடும், குறைந்தால் மூச்சு முட்டும். மலை விடுதியின் சைக்கிள் கொட்டகையில், முன்பின் தெரியாதவர்களின் நெற்றியிலும் தாடையிலும் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது மேனேஜர்கூட முகத்துக்கு நேராகவே ரெண்டு விரல் அக்கா என்கிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

விடுதிக்கு வருகிறவர்கள் சைக்கிளோடு ரோப்காரில் ஏறி உச்சிக்குப் போவார்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் உருண்டு, குதித்து, வளைந்து கீழே வந்து சேர்வார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"முடி கலைஞ்சிடும்க்கா" என்பான் ஒருவன்.

"கலைஞ்ச முடியை சீப்பால சரி பண்ணிக்கலாம் தம்பி. மண்டைக்கு சீப்பு கிடையாது."

சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர். தனியாப் போகாதீங்க. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாத வளைவுல வேகம் வேணாம். ஈரக் கல்லு மேல முன்பிரேக்கை மட்டும் பிடிச்சு அமுக்காதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. காலையில் சொல்லும்போது அதில் ஒரு அக்கறை இருக்கும். மதியத்துக்கு மேல் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும், அவள் வேறெங்கோ இருப்பாள். சாயங்காலம் முழங்காலோடு சேர்ந்து தாடையும் வலிக்கும்.

அவள் இடுப்பில் ஒரு கத்தரிக்கோல் கயிற்றில் தொங்கும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் எதுவானாலும், பார்வைக்குப் புதுசு போலிருந்தாலும், அதன் வாரை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். வெட்டாமல் போட்டால் யாராவது நல்லாத்தானே இருக்கு என்று எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

அவள் தம்பிதான் அதே கொட்டகையில் மெக்கானிக். அவள் கணவருக்குப் பாதைக் காவல். கடைசி ரோப்காரில் சைக்கிளோடு ஏறி, எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக இறங்கி வருவார். யாராவது விழுந்து கிடக்கிறார்களா, வழி தவறி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்து, அடிவாரத்துக் கதவைச் சாத்துவார். அவர் சாத்தினால்தான் அன்றைய நாள் முடிந்தது.

அந்த வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பல்பு மாற்ற அவர் ஸ்டூலில் ஏறினார். "கால் ஆடுது, சுவத்தைப் பிடிச்சுக்குங்க. சுவிட்சை அணைச்சீங்களா? செருப்பைப் போட்டுக்கிட்டு ஏறக்கூடாதா?" என்று கீழே நின்று இவள் ஆரம்பித்தாள். அவர் பல்பைத் திருகியபடியே சொன்னார்: "பகல் பூரா ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்க. வீட்டுலயாவது அந்த வாய்க்கு ஒரு பிரேக் போடேன்."

போட்டுவிட்டாள். அன்று வாயை மூடியவள் திறக்கவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. அவராக ஏதாவது கேட்டால் தலையசைப்பு. தம்பி ஒருநாள் சாப்பிட வந்துவிட்டு, "அக்கா, இவ்வளவு அமைதியா இருந்தா எனக்குக் காது வலிக்குது" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

இதற்கு நடுவில்தான் சிவப்புத் துணி.

அங்கே எல்லாச் சைக்கிளிலும் வலது கைப்பிடிக்கு முன் சக்கர பிரேக், இடது கைப்பிடிக்குப் பின் சக்கரம். சில ஊர்களில் இது தலைகீழ். அந்த ஊர்க்காரர்கள் வந்து கேட்டால் தம்பி பிரேக்குகளைக் கை மாற்றிப் பூட்டித் தருவான். மாற்றிய சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவான். துணி இருக்கிற சைக்கிளை வேறு யாரும் தொடக்கூடாது. திரும்ப மாற்றிய பிறகுதான் துணி அவிழும். இதுதான் கொட்டகையின் சட்டம், எங்கும் எழுதி வைக்காத சட்டம்.

முந்தின நாள் அப்படி ஒரு சைக்கிள் போய்த் திரும்பியது. மழை பிடித்துக்கொண்டதால் தம்பி அதை மாற்றாமல் சைக்கிள் நிறுத்தத்தில் சாத்திவிட்டுப் போனான். காலையில் முதலில் வந்தது அவள்தான். சைக்கிள்களைக் கழுவும்போது அந்தத் துணி சேறும் கிரீஸுமாக நசநசவென்று தொங்கியது. அழுக்குத் துணியைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பிறந்ததிலிருந்தே அப்படி. அவிழ்த்து, துடைக்கிற துணிகளோடு சேர்த்துத் துவைத்து, கொட்டகைக்குப் பின்னால் கொடியில் போட்டாள். காய்ந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மற்ற நாளாக இருந்தால் கொட்டகைக்கே கேட்கும்படி, "துணியை எடுத்திருக்கேன், அதைத் தொடாதீங்க" என்று சொல்லியிருப்பாள். பேசாமல் இருந்து பழகிய வாய், அன்று அதையும் சொல்லவில்லை. பிறகு கூட்டம் வந்தது, அவளுக்கும் மறந்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். அவர் சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தது. நிறுத்தத்தில் கைக்கு வந்ததை உருவிக்கொண்டார். அப்போது அவள் ஒரு சின்னப் பெண்ணின் தாடை வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் போவதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்வாள். பிரேக்கை அமுக்கிப் பாருங்க. கல்யாணமான நாளாக அவர் எந்த வண்டியில் ஏறினாலும் சொல்கிற வார்த்தைதான். அவரும் அலுத்துக்கொண்டே அமுக்கிப் பார்ப்பார். அன்று அவள் சொல்லவில்லை. அவரும் வாசலில் ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது. பிறகு போய்விட்டார்.

பனி இறங்கத் தொடங்கியதும் கொடித் துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனாள். மடித்துக்கொண்டே வந்தவள் கையில் சிவப்புத் துணி வந்தது. அதோடு கொட்டகைக்குள் வந்தாள்.

"டேய், நேத்து கை மாத்தினியே, அதைத் திருப்பி மாத்திட்டியா?"

தம்பி சக்கரத்தைச் சுழற்றியபடியே சொன்னான். "எங்க மாத்துறது? மழை வந்துச்சே. காலையில துணியைப் பாத்து மாத்திக்கலாம்னு விட்டேன்."

"காலையில மாத்தினியா?"

"துணி கட்டினது ஒண்ணும் கண்ணுல படலையே. கூட்டம் வேற வந்துடுச்சு, மறந்தே போச்சு."

அவள் துணியைக் காட்டினாள். தம்பி துணியைப் பார்த்தான், நிறுத்தத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான். சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா எதை எடுத்துட்டுப் போனாரு?"

அவள் ஏற்கெனவே வாக்கி-டாக்கியை எடுத்துவிட்டாள். விடுதிக்கே ஒரே அலைவரிசை. ரோப்கார்காரர், சமையல்காரர், மேனேஜர் எல்லோர் இடுப்பிலும் அவள் குரல் கேட்கும். கேட்கட்டும்.

"நான்தான். அந்தச் சைக்கிள்ல பிரேக் கை மாறிக் கிடக்கு. ஏறாதீங்க. ஏறியிருந்தா எறங்கிடுங்க, தள்ளிக்கிட்டு வாங்க. கேக்குதா?"

பதில் இல்லை.

"துணியை அவுத்தது நான்தான். தொவைக்க எடுத்தேன். சொல்லாம விட்டுட்டேன். கோவம்னா கீழ வந்து கோவிச்சுக்குங்க. இப்ப பதில் சொல்லுங்க."

கரகரப்பு. மேலிருந்து ரோப்கார்காரர் குரல் வந்தது. "அண்ணன் பாதையில எறங்கிக் கொஞ்ச நேரம் ஆச்சேக்கா."

அடுத்து சமையலறையிலிருந்து ஒரு குரல். "அண்ணே, எடுங்கண்ணே. அக்கா அவங்களாவே பேசுறாங்க. இதைவிட வேற என்ன வேணும் உங்களுக்கு?"

அவர்கள் சண்டை சமையலறை வரை தெரிந்திருக்கிறது. வெட்கப்பட நேரமில்லை. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பாறை வளைவைச் சொன்னாள், மழையில் ஊறிய வேர்களைச் சொன்னாள், இடது கையைத் தொடாதீங்க என்றாள். பேசப் பேசத்தான் அந்த நினைப்பு வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வீம்புக்கு எடுக்கவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறார். வாக்கியை மேஜை மேல் வைத்துவிட்டாள்.

தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போனான். அவள் அடிவாரக் கதவுக்குப் போய் நின்றாள். கதவுக் கட்டையில் சாய்ந்துகொண்டாள். பாதை பனிக்குள்ளிருந்து வந்து காலடியில் முடிந்தது. மேலே எங்கோ தம்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வீம்புதான் என்றால் இப்போது வந்துவிடுவார். வராவிட்டால் அது வீம்பு இல்லை. வீம்பாகவே இருக்கட்டும், வீம்பாகவே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். கையில் அந்தத் துணியை இன்னும் மடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சங்கிலிச் சத்தம் வந்தது. பிறகு அவர் வந்தார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கச் சேறோடு வந்தார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். "வாக்கி எங்க?"

"மேலதான் எங்கேயோ கிடக்கு. முதல் வளைவுலயே தூக்கிப் போட்டுடுச்சு. நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்."

"நான் பேசினது?"

"கேட்டுச்சு. கீழ புதருக்குள்ள இருந்து கேட்டுச்சு. உன் சத்தத்தை வெச்சே தேடிக்கிட்டு எறங்கினேன். கிட்டப் போயிட்டேன். அதுக்குள்ள நிறுத்திட்ட." மூச்சு வாங்கினார். "எப்பவும் நிறுத்தாதவ, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக்கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டுக்கும் வேண்டிய தெம்பு வேறெங்கோ செலவாகிவிட்டிருந்தது. அவர் மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியிருந்தது. தாடைக் கொக்கியைக் கழற்ற முடியாமல் விரல்கள் தடுமாறின. அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, தானே கழற்றினாள். ஹெல்மெட்டைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. அதன் மேல் விரல் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"லேசாத்தான் பட்டுச்சு" என்றார் அவர். "போன மாசம் வாங்கினது. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம்."

அவள் இடுப்புக் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்க வாரையும் வெட்டினாள். வெட்டிய ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிவப்புத் துணியைச் சைக்கிளில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கதவைச் சாத்த அவருக்கு ஒரு கை போதவில்லை. தாழ்ப்பாளை அவளே போட்டாள்.

ஜீப்பின் வெளிச்சம் வளைவில் இறங்கி வந்தது.

"கையை மடக்காதீங்க. எக்ஸ்ரே எடுத்துட்டுத்தான் வீட்டுக்கு. அந்தப் பக்கம் கல்லு கிடக்கு, பாத்து. சேத்துக் காலை அப்படியே ஜீப் படியில வைக்காதீங்க, வழுக்கும். ஏறுறப்ப தலையைக் குனிஞ்சுக்குங்க."

அவர் குனிந்துகொண்டார்.