முட்டை வேகாத வீடு

வாசலில் நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்த பிறகுதான் ஸெனோன் அத்தான் தொப்பியைக் கழற்றுவார். தோளில் பனி உருகிக்கொண்டிருக்கும். கதவு திறந்தே கிடக்கும். வீட்டிலிருக்கிற சூடெல்லாம் மாடிப்படி வழியே கீழே இறங்கிப் போகும். "முட்டை," என்பார். இல்லை என்பேன். "அப்ப முட்டைக்கோஸு." அதுவும் இல்லை என்பேன். சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே இருப்பது உருளைக்கிழங்குதான் என்று மூக்குக்கு நேரே காட்டினால்தான் காலணியைக் கழற்றுவார்.

அத்தான், என் அக்கா ஹலினாவின் கணவர், வெள்ளி நாணயம் சேர்க்கிறவர். மண்ணைத் தோண்டி எடுக்கிற பழங்காசு அல்ல. நாட்டு நாணயச்சாலை இன்றைக்கும் புதிதாக அடித்து வெளியிடுகிற நினைவு நாணயங்கள். ஒரு முறை கோட்டை, ஒரு முறை பறவை, ஒரு முறை யாராவது ஓவியர். கடையில் கொடுத்து ரொட்டி வாங்க அடிப்பதில்லை, வைத்துப் பார்க்கவே அடிப்பது. பழங்காசு சேர்ப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "அது எவனெவன் பாக்கெட்டுலயோ பொரண்டது. இது பொறந்ததுலேருந்து மனுஷக் கையே படாதது," என்பார், ஏதோ தன் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

வெள்ளிக்கு முட்டை ஆகாதாம். வேகிற முட்டையின், முட்டைக்கோஸின் ஆவியில் கந்தகம் இருக்கிறது, அது பட்டால் வெள்ளி கறுக்கும் என்று கல்யாணமான வருஷம் ஏதோ பத்திரிகையில் படித்தார். அன்றிலிருந்து லூப்ளின் நகரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் முட்டை வெந்ததில்லை. பொரிக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ஜனவரி மாதம் ஜன்னலைத் திறந்து வைத்து முட்டை பொரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் அக்காவின் பொறுமை தெரியும்.

ஈஸ்டர்தான் பெரிய கஷ்டம். நாடே முட்டை அவிக்கிற அந்தப் பெரிய சனிக்கிழமை, நானும் அக்காவும் முப்பது முட்டையைப் பானையில் போட்டு மேல்மாடிக்குத் தூக்கிப் போவோம். அங்கே க்ருப்பா அம்மாள் கதவைத் திறந்தபடியே, "என்ன ஹலினா, உங்க வீட்டுக் கோழிக்கு இந்த வருஷமும் பிரசவம் எங்க வீட்டுலயா?" என்று கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி. ஒவ்வொரு வருஷமும் சிரித்துவிட்டு, எரிவாயுவுக்காக ஆறு முட்டையை அவளிடம் விட்டுவிட்டு வருவோம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தது என் கணவர் இறந்தபோது. மகள் நேலாவுக்கு அப்போது இரண்டு மாதம். அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சின்ன அறையைக் காலி செய்து கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அந்த அறையில் இருந்த நாணய அலமாரியை மட்டும் நகர்த்தவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் அதன் பக்கத்தில்தான் தூங்குகிறேன். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இருமல் வந்தா செவத்துப் பக்கம் திரும்பி இருமு, ப்ரோன்யா." இன்றைக்கும் வேறு வீட்டில் தங்கினால்கூட எனக்குச் சுவர்ப்பக்கம்தான் இருமல் வருகிறது.

அத்தான் முப்பத்தொரு வருஷம் மின்கம்பியில் ஓடுகிற டிராலி பஸ் ஓட்டியவர். நேரம் என்றால் நேரம்தான். புதுக் காசு வெளியாகிற நாளில், விடிந்ததும் மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் தேநீர், ஊறுகாய் வெள்ளரி வைத்த ரொட்டி எல்லாவற்றோடும் வங்கி வாசலில் இருப்பார். முதலில் வருகிறவர் நோட்டைத் திறந்து பெயர் எழுத வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எண்ணைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிட வேண்டும். கறிக்கும் காலணிக்கும் வரிசை நின்ற தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட முறை இது. இப்போது வரிசையில் ஒன்பது பேர் நின்றாலே அதிகம், மற்றவர்கள் கம்ப்யூட்டரிலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் அத்தான் நோட்டைத் திறந்து ஒன்பது பேரையும் எண் சொல்லிக் கூப்பிடுவார். ஒருமுறை ஒண்ணுக்கிருக்கப் போன பல் வைத்தியரின் பெயரை அடித்துவிட்டார். அந்த மனிதர் இன்றுவரை அத்தானுக்குப் பல் பார்ப்பதில்லை.

கவுண்டரில் இன்னும் மோசம். கடிகாரக்காரரின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, தருகிற காசை டப்பியோடு திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு மயிரிழைக் கீறல் தெரிந்தால் மாற்றிக் கேட்பார். "ஐயா, பொண்ணு பாக்க வந்தீங்களா, காசு வாங்க வந்தீங்களா?" என்று பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். அவருக்குக் காது கேட்காது. கையுறை, கோவில் கையுறை. திருவுடல் பவனியில் கொடி பிடிக்கிறவர்களுக்குப் பங்குக் கோவிலில் கொடுப்பது. அத்தான் வருஷா வருஷம் புனித சூசையப்பர் கொடியைப் பிடிப்பதே அந்தக் கையுறைக்காகத்தான் என்று அக்கா சொல்கிறாள். கொடியைத் திருப்பிக் கொடுப்பார், கையுறையைக் கொடுத்ததில்லை.

நேலாவுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அவள் பெயர் கொண்ட புனிதைக்குரிய நாளான பெயர்த்திருநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக் காசு பரிசு. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டி, பிளாஸ்டிக் டப்பிக்குள் இருக்கிற காசை அவள் முன்னால் வைப்பார். எல்லோரும் கை தட்டுவோம். அவள் நன்றி சொல்வாள். காசு திரும்ப அலமாரிக்குப் போய்விடும். நாலு வயதில் அவளுக்கு முள்ளெலி போட்ட காசு வந்தது. முதுகு முழுக்க முள், கீழே சின்ன மூக்கு. தொட்டுப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள்.

"கண்ணால தடவிக்கோ," என்றார் அத்தான்.

பிள்ளை உண்மையாகவே கண்ணை டப்பியில் கொண்டுபோய் ஒட்டினாள். மூச்சு பட்டு டப்பி மூடியில் ஆவி படர்ந்ததும் அவர் பிடுங்கிக்கொண்டு ஜன்னலோரம் ஓடினார். நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஏழு வயதில் கோவிலில் முதல் தடவையாகப் புதுநன்மை வாங்கியபோது ஒன்று. பள்ளி முடித்தபோது ஒன்று. ஒன்றையும் அவள் கையால் தொட்டதில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "கல்யாணத்தன்னிக்கு எல்லாம் உன் கையில." அவள் வளர வளரக் கேட்பதை நிறுத்திவிட்டாள். போன வருஷம் கிதீனியாவில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற பையனோடு கல்யாணம் நிச்சயமானபோது, பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பாரும்மா, பெரியப்பா தரமாட்டாரு. டப்பாவத் தூக்கிட்டு எங்க கூடவே ரயில் ஏறி வந்துருவாரு. எனக்கு அந்த முள்ளெலி மட்டும் போதும். கேட்டா குடுப்பாரா?" நான் அடுத்த தட்டை அவளிடம் நீட்டினேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தான் தானாகவே நேலாவின் காசுகள் இருந்த தகர டப்பாவை எடுத்தார். அவருடைய சொந்தக் காசுகள் இழுப்பறைகளில் வெல்வெட் குழிகளில் படுத்திருக்கும். நேலாவுடையதற்கு மட்டும் தனிக் காவல். டப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சைக்கிள் டியூபை வெட்டிய கறுப்பு ரப்பர் வளையத்தால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கியிருந்தார். அடுத்த வருஷத்துக் காசு வரும்போது மேலே வைத்து இன்னொரு வளையம் மாட்டுவார், அடியில் இருப்பதை அவிழ்ப்பதே இல்லை. "வீடு இடிஞ்சாலும் இது உருளாது," என்று பெருமையாகச் சொல்வார்.

அன்று அவிழ்த்தார். முதல் காசைக் கண்ணாடியில் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. கண்ணாடி கண்ணிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. ஒவ்வொரு காசிலும் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கறுப்பு ஏறியிருந்தது, சில இடத்தில் நீலம், சில இடத்தில் தீய்ந்த சர்க்கரை நிறம். முள்ளெலியின் பாதி முதுகு கறுத்திருந்தது.

"யாரு முட்டை அவிச்சது?" என்றார்.

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னைக் கேக்குறீங்களா? இத்தனை வருஷமா பானையத் தூக்கிட்டு மாடி ஏறுறேனே, என் முட்டியக் கேளுங்க, அது சொல்லும்." அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. தம் காசுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை. அதே அலமாரி, அதே அறை. அதனால் நேலாவின் டப்பாவைத் திறந்து அதற்குள் யாரோ முட்டை வைத்தார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

வியாழக்கிழமை நாணயக்காரர்கள் கூடுகிற மன்றத்துக்கு டப்பாவைத் தூக்கிப் போனார். அவருக்கு முழங்கால் வலி, அதனால் பையை நான் சுமந்தேன். அங்கே ஒரு ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர் வருவாள். அவள் காசைப் பார்க்கவில்லை, ரப்பர் வளையத்தை எடுத்து முகர்ந்தாள். அதை அப்படியே அத்தானின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ரப்பரக் கெட்டியாக்கறதே கந்தகம் போட்டுத்தான் ஐயா. நீங்க முட்டைக்குக் கதவச் சாத்திட்டு, அதோட அப்பனைக் கூட்டி வந்து கழுத்துல கட்டிவிட்டிருக்கீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பல் வைத்தியரும் அங்கே இருந்தார், அவர்தான் அதிகம் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கத்தரியை எடுத்துக்கொண்டு, ஜாம் சீசாவில் இருந்தது, மாத்திரை டப்பாவில் இருந்தது, என் தலைமுடியில் இருந்தது வரை கண்ணில் பட்ட ரப்பரையெல்லாம் வெட்டிப் போட்டார். பல்பொடி போட்டுத் தேய்த்தால் காசு பளிச்சென்று ஆகிவிடும் என்றாள் அக்கா. அவர் டப்பாவின் மேல் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டார். தேய்த்த காசு செத்த காசு என்பது நாணயக்காரர்களின் சட்டம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நண்பகல். விருந்தாளிகளுக்குப் புளிப்பு மாவு சூப். அதில் அவித்த முட்டை போடாமல் முடியாது. அக்கா என்னைப் பார்த்தாள், மேல்மாடியைப் பார்த்தாள். பிறகு பானையைத் தன் அடுப்பிலேயே ஏற்றிவிட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

அத்தான் மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். அதன்மேல் இரண்டு டப்பாக்களை வைத்தார். ஒன்று நேலாவுடையது, கறுத்தது. இன்னொன்றில் தமக்கென்று வாங்கி வைத்திருந்த அதே காசுகளைத் தம் இழுப்பறைகளிலிருந்து எடுத்து அடுக்கியிருந்தார், ஒரு கீறல் இல்லாமல். நல்லதை நேலாவின் பக்கம் தள்ளினார். வெல்வெட் குழிகள் இப்போது காலியாக இருக்கும் என்று எனக்கு உறைத்தது. பக்கத்திலேயே ஒரு ஜோடி புதுக் கையுறையும் வைத்திருந்தார்.

நேலா கையுறையைத் தொடவில்லை. பழைய டப்பாவைத் திறந்து முள்ளெலியைத் தேடி எடுத்தாள்.

"எனக்கு என்னோடதுதான் வேணும் பெரியப்பா. இது கறுத்துப் போச்சு. இனிமே தொடலாம்ல?"

அவள் நகத்தால் டப்பியைப் பிளந்து காசை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, கட்டைவிரலால் அந்த முள் முதுகைத் தடவினாள். முள்ளுக்கு எதிராக ஒரு தடவை, முள்ளோடு சேர்ந்து ஒரு தடவை. சமையலறையில் முட்டைகள் பானையில் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது, வாசனையும் வந்துவிட்டது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கை மேசைமேல் மெல்ல நகர்ந்தது. காசைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன்.

அவர் சுட்டுவிரலை நீட்டி, அவள் உள்ளங்கையில் கிடந்த முள்ளெலியைத் தொட்டார், வெறும் விரலால். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்தார்.