நான் எழுதிக் கொடுத்த பத்து ஆடுகள்

உங்கள் ஆராய்ச்சியால் அந்த மக்களுக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கிறவர் மேல் அல்ல. பாதிக் கோபம் ஓர் அலுவலகத்தின் மேல், மீதி என் மேல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் பெங்களூரில் கடை விரித்திருந்தது. ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண்களுக்கு, ஆளுக்குப் பத்துப் பெட்டைச் செம்மறிகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. மூன்று வருடத்துக்கு விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. மீறினால் பத்தும் திரும்பப் போய்விடும். மானிடவியலில் பட்டம் வாங்கிவிட்டு மல்லேஸ்வரத்தில் அப்பா வீட்டில் சும்மா இருந்த என்னை, அந்த மக்களின் வாழ்க்கையைப் பற்றி அறிக்கை எழுத எடுத்தார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் மார்க்கெட்டில் பஸ் மாறி ஆனேக்கல் போவேன். அங்கிருந்து நடை. ஆடு வாங்கிய பெண்களில் ஒருவர் எனக்கு அக்காவாகவே ஆகிவிட்டார். வீட்டில் கன்னடம், என்னிடம் ஓசூர்ப் பக்கத்துத் தமிழ். புருஷன் போய்ச் சேர்ந்தபின் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, அந்தப் பத்து ஆட்டை நம்பித்தான் இருந்தார். வேறு எதுவும் அவருக்கு இல்லை.

அந்த மழைக்காலத்தில் ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் வந்தது. பக்கத்து ஊரில் இருந்த அக்காவின் நாத்தனார் பட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்காவின் ஆடுகள் எப்படியோ தப்பின. அடுத்த வாரம் நான் போனபோது அக்கா தன் பத்து ஆடுகளில் இரண்டை ஓட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடவே போனேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காலிப் பட்டியில் ஆளுக்கு ஒரு பெட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இழந்த வீடு கேட்காது. கொடுத்த வீடு கொடுத்தேன் என்று சொல்லாது.

"நம்ம ஆடு அங்க மேயுது, அவ்ளோதான் மேடம்," என்றார் அக்கா. "நாளைக்கு எம்பட்டி காலியானா எனக்கும் வரும்."

எனக்கு ஒரே குதூகலம். நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தள்ளினேன்.

"இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா," என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அறிக்கையில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினேன். இவர்களுக்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது, உங்கள் விதி அதை முறிக்கிறது, விதியை மாற்றுங்கள் என்பதுதான் என் வாதம். வாதத்துக்கு வலு வேண்டுமே என்று ஊர் சொன்னேன், உறவு சொன்னேன், இரண்டு ஆடுகளின் வில்லை எண்களையும் சேர்த்தேன். கெட்டிக்காரத்தனம்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். திட்ட அதிகாரி சேலத்துக்காரர். ஆட்டைவிட ஆட்டைப் பற்றிய அட்டவணையை அதிகம் பார்த்தவர். காபி வரவழைத்தார்.

"ரொம்ப யூஸ்ஃபுல் ரிப்போர்ட் மேடம். இந்த லீக்கேஜ் எங்க நடக்குதுன்னு எங்களுக்குப் பிடிபடவே இல்ல. நீங்க நம்பரோட குடுத்துட்டீங்க."

லீக்கேஜ். சொந்தக்காரி கண்ணீர் விட்ட வீட்டுக்கு ஓட்டிப்போன ஆடு அவருக்கு ஒழுகல்.

"நான் எழுதினது விதியை மாத்தச் சொல்லி," என்றேன்.

"அது ரெக்கமண்டேஷன். ஹெட் ஆபீஸ் பார்ப்பாங்க. இது ஃபேக்ட். ஆட்டைத் திருப்பி எடுக்க வண்டி காலையிலயே போயிருச்சு."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவர் மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் செய்தது பஸ்ஸைத் தேடி ஓடியது மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பட்டியிலிருந்து எடுத்த இரண்டும் ஏற்கெனவே வேனில் நின்றன. அக்கா சண்டை போடவில்லை. ஓர் ஆடு முரண்டு பிடித்தபோது அவரே பின்னால் போய்த் தள்ளிவிட்டார். வேன்காரன் எண்களைச் சரிபார்த்து, ஒரு தாளில் அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டு போனான். சின்னப் பெண் மட்டும் ரோடு வரைக்கும் வேன் பின்னால் ஓடியது.

நான் காலிப் பட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஆபீஸைத் திட்டினேன், விடமாட்டேன் என்றேன், டில்லிக்கு எழுதுகிறேன் என்றேன். அக்கா பெருக்கிக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குக் களி போட்டார். அதை முழுங்க முடியாமல் நான் அழுதேன். அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அடிக்கடி ரோட்டைப் பார்த்தார்.

"மேடம், நீங்க கிளம்புங்க."

"இருக்கேன்க்கா. உங்கள இப்படித் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

அக்கா மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். கோபத்தைக்கூட அவர் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் யாரும் வரமாட்டாங்க. நீங்க எழுதிருவீங்கன்னு பயப்படறாங்க."

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ராகிக் கொல்லைத் திருப்பத்தில் ஒரு பெரியவர் தோளில் பெட்டைக் குட்டியைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, வரப்போரம் ஆடு மேய்ப்பவர் போல முதுகைக் காட்டி நின்றார். நான் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.