வேனில் கால் வைக்கும் இடம்

எட்டாம் வகுப்போடு புத்தகத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். அப்புறம் எந்த ஊரிலும் முழுசாக இறங்கவில்லை. கடைசியில் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்கம் கட்டிலும் அடுப்பும் வைத்து, நானும் என் மனைவியும் அதையே வீடாக்கிக்கொண்டோம். இப்போது அந்த வண்டி இல்லை. காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் வாடகை வீடு. தரை சிமெண்டு, மதியத்திலும் சில்லென்று இருக்கும். சில நாள் அந்தச் சில்லிப்பே பிடிக்காமல் போகிறது.

வேனின் இஞ்சின் எங்கள் இரண்டு சீட்டுக்கும் அடியில் இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன்பக்கத் தகரத் தரை தோசைக்கல்லாகிவிடும். எனக்கு லாரியிலேயே பாதம் காய்த்துப்போனது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். அவள் சீட்டின் மேல் சம்மணம் போட்டே ஊர் ஊராக வந்தாள். மூட்டுவலி வந்த பிறகு அது முடியவில்லை. சத்தம் வேறு. பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்கவும் கத்த வேண்டும்.

ஒரு நாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிறுத்தியதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"காலைத் தொங்கப்போட்டு உக்கார்ற மாதிரி பண்ணுங்க, வர்றேன். இல்லாட்டி நீங்க மட்டும் ஊர் சுத்துங்க. நான் எங்கண்ணன் வீட்டுலயே இருந்துக்குறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அதில்தான் பயந்துபோனேன்.

அவள் அண்ணன் அதே ஊரில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கா மாப்ள முழிக்கிற? மீன் பெட்டித் தெர்மாகோலைப் போடு. அதுல ஐஸே உருகாம கெடக்குது, எந்தங்கச்சி காலா வெந்துடும்?"

நியாயமாகத்தான் பட்டது. உடைந்த பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து அறுத்து, தரையில் பரப்பி, மேலே ரப்பர் மேட்டைப் போட்டேன். அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் பள்ளத்திலேயே தெர்மாகோல் ஒன்றோடு ஒன்று உரசி எலிக்குஞ்சு மாதிரிக் கத்த ஆரம்பித்தது. இஞ்சின் சூடேறியதும் கழுவியும் போகாத மீன் வாடை எழுந்தது.

"எங்கண்ணன் வீட்டுலகூட இவ்வளவு நாத்தம் இல்ல. திருப்புங்க வண்டிய" என்றாள்.

மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். இஞ்சின் ஓரத்தில் தெர்மாகோல் சுருங்கி அப்பளமாகியிருந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காக வேலை பார்த்தேன். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுத் தகரம் தெரியச் சுரண்டினேன். பிரேக் ஓரம் துரு தின்ற ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. கியர் கம்பியைச் சுற்றியிருந்த இடைவெளியில் சூடும் சத்தமும் நேராக மேலே வந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் சூட்டுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெக்கை என்று புலம்பியிருக்கிறோம். ஓட்டைக்குத் தகரம் ஒட்டுப் போட்டு, இடைவெளியை ரப்பரால் அடைத்து, துருவுக்கு ரெட் ஆக்சைடு பூசினேன். சீட் தைக்கும் கடையில் ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய தார் ஷீட் கிடைத்தது. அதை வெயிலில் போட்டு இளக்கி, தகரத்தோடு ஒட்டி, காற்று நிற்காமல் பூரிக்கட்டையால் தேய்த்தேன். முன்பு தட்டினால் டணங் என்ற தரை இப்போது தொம் என்றது. மேலே தண்ணீர் உறிஞ்சாத கனமான ரப்பர் ஃபோம், அதற்கு மேல் மேட். ஆக்சிலேட்டர் முழுசாக இறங்கவில்லை. அந்த இடத்தில் ஃபோமை மட்டும் வெட்டியெடுத்தேன்.

பார்க்க வந்தவள் முதலில் பார்த்தது பூரிக்கட்டையைத்தான்.

"இனிமே இதுல தேய்ச்சா சப்பாத்தி வராது, ஹைவேஸ் ரோடுதான் வரும்" என்றாள். ஆனாலும் ஏறினாள்.

டீசல் நிரப்பிக்கொண்டு வடக்கே போனோம். பூவம் வருவதற்குள் ஒரு காலை இறக்கினாள். கொஞ்சம் பொறுத்து அடுத்த காலையும். நான் கவனிக்காதவன் போல ஓட்டினேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது, மெதுவாக, விடாமல்.

"...ஆடு குறுக்க வருது, பாக்குறானா பாரு. கழுத்துல துண்டு ஒண்ணுதான் கொறச்சல், பெரிய மகராசன்..."

"யாரைச் சொல்ற?" என்றேன்.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. "கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு. எவ்வளவு நாளா இது?"

"வேன் வாங்குனதுலேருந்துதான். உங்களுக்குக் கேக்காதுன்னு..." என்றாள். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. அத்தனை வருஷமும் அந்த இஞ்சின் சத்தத்துக்கு அடியில் அவள் என்னை 'அவன்' என்று திட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். மனசிலிருப்பதைக் கொட்ட அவளுக்கு இருந்த ஒரே இடம் அது. நான் அதையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. தரங்கம்பாடி தாண்டும்போது பார்த்தால், இரண்டு காலும் மறுபடி சீட்டின் மேல்.

"வலிக்கலயா?" என்றேன்.

"எங்கயாவது பஸ் நிக்கிற எடத்துல எறக்கிவிடுங்க. நான் திரும்பிப் போறேன்."

என் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினேன். கியரை ஒன்று குறைத்தேன். இஞ்சின் அலறியது, காற்று காதை அடைத்தது. பஸ் ஸ்டாப் ஒன்று போனது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொன்றும் போனது. சீர்காழிக்கு முன்னால் ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, நல்ல வேகமாக. கால் இரண்டும் கீழே, ரப்பர் மேட்டின் மேல் இருந்தன.

என்ன திட்டினாள் என்று நான் கேட்கவில்லை. டீசல் போனால் போகிறதென்று சிதம்பரம் வரைக்கும் மூன்றாவது கியரிலேயே ஓட்டினேன்.