பாதிப் புருவம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது. சாட்சி, என் இடது புருவம். அதாவது, அதில் மிச்சமிருக்கும் பாதி.

நான் சலூன் வைத்திருக்கிறேன். புது டிரிம்மர் வாங்கினேன். சோதித்துப் பார்க்க ஊரில் எத்தனையோ தலைகள் இருக்க, என் முகத்தையே தேர்ந்தெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல். சர்ர்ர்... பாதிப் புருவம் காணோம்.

பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கடைக்கு நல்ல விளம்பரம், மாமா!”

வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது. “பென்சிலால வரைஞ்சு மறைச்சுக்கோடா,” என்றாள். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசவே இல்லை. அடுப்பைப் பார்த்தே பேசினாள். அவலட்சணமாகிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரை. கடையில் நான் மட்டும். முதல் நாற்காலிக்கு எதிரே இருப்பது அப்பா காலத்துக் கண்ணாடி. அதன் முன் நின்று முகத்துக்கு நுரை போட்டேன்.

கண்ணாடியில் எனக்குப் புருவம் முழுசாக இருந்தது.

ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டதா? சந்தோஷமாகத் தடவினேன். விரலுக்கு வழவழவென்று தோல்தான் தட்டுப்பட்டது. கண்ணாடியில் விரல் முடிமேல் போனது.

மச்சான் வந்து ஷட்டரை முழுக்கத் தூக்கினான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் பழையபடி பாதி.

அடுத்த காலையும் அதே. இந்த முறை நான் கையைத் தூக்கிய பிறகு... ஒரு நொடி தாமதமாக... கண்ணாடியில் இருந்தவன் தூக்கினான். நான் பனியன் போட்டிருந்தேன். அவன் சட்டை போட்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு சீப்பு.

பையில் சீப்பு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்பாவுக்கு உண்டு.

இருபத்தைந்து வருஷமாக முகங்களுக்கு வயதாவதைப் பார்க்கிறவன் நான். காது நீளும். மூக்கு நுனி இறங்கும். கன்னம் சரியும். பையனாக வந்து உட்கார்ந்தவன் ஒருநாள் அச்சு அசல் அவன் அப்பாவாக எழுந்து போவான். எனக்கும் அது நடக்கும் என்று மட்டும் தோன்றியதில்லை. அப்பா போனது நாற்பத்தொன்பது வயதில். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

அப்போது நான் பத்து வயதுப் பையன். அவர் எப்படிப் போனார் என்று கேட்டால் அம்மா, “நெஞ்சு வலி” என்பாள். உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

கண்ணாடியில் அவரைப் பார்த்தும் நான் ஓடவில்லை. பயம்தான். ஆனால் எதிரே நிற்பது அப்பா ஆயிற்றே. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது. தினமும் சீக்கிரமாகவே கடைக்குப் போனேன்.

சிரித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

கையை ஆட்டினேன். அவர் ஓரடி பின்வாங்கினார்.

நாளுக்கு நாள் அவர் முகம் வற்றியது. கண் உள்ளே போனது. மற்றவர்களுக்கு மழமழவென்று வழித்துவிட்ட மனுஷன், தாடியோடு நின்றார். என்னைப் பார்த்து ஆவியே பயப்படுகிறது என்று உள்ளுக்குள் ஒரு அசட்டுப் பெருமை வேறு எனக்கு.

கடைசிக் காலை.

அவர் கண்ணில் நீர்.

எனக்குத் தாங்கவில்லை. பயப்படாதீங்க என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல?

கண்ணாடியைத் தட்டினேன்.

டொக்... டொக்...

அவர் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தார்.

“அப்பா!”

அவர் கை நெஞ்சைப் பிடித்தது.

“அப்பா... நான்தான்...”

சரிந்தார்.

கண்ணாடியில் காலி நாற்காலி. அப்புறம் என் முகம். பாதிப் புருவத்தோடு.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு.

“அம்மா, அப்பா எப்படிச் செத்தார்? நேரா சொல்லு.”

அடுப்பை அணைத்தாள். திரும்பினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். பார்வை புருவத்தில் போய் நின்றது.

“கடைக் கண்ணாடியில யாரோ நிக்கிறான்னு சொல்லிட்டே இருந்தார்டா. அவர் வயசுதானாம். ஒரு புருவம் பாதி இல்லியாம். முதல்ல சிரிச்சானாம். அப்புறம் கையாட்டினானாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நான் நம்பல. கடைசி நாள் கடையிலேயே விழுந்துட்டார். தூக்கிட்டு வந்து போட்டாங்க. என் மடியிலதான் போனார்.”

“எதாவது சொன்னாரா?”

அம்மா என் பாதிப் புருவத்தை விரலால் மெல்லத் தொட்டாள்.

“‘அவன் கண்ணாடியைத் தட்டினான்டி’ன்னார். ‘யாருடி அவன்? என்னை எதுக்கு அப்பான்னு கூப்பிடுறான்?’னு கேட்டார்.”