அக்கா இளைத்ததை யாரும் புகழ வேண்டாம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையில் நோயாளிகளுக்கான உணவுப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது மல்லிகா அக்காவின் மகள் சுகன்யா கூப்பிட்டாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "வலி தெரியாமத்தான் போனாங்க" என்று அவளே சேர்த்துக்கொண்டாள். கணையத்தில் புற்றுநோய் என்பது ஏழு மாதமாக எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பேனாவைக் கீழே வைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அயனம்பாக்கத்தில் அக்காவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இன்னா உடம்பு தெரியுமா முன்னாடி! கடைசி ஒரு வருசந்தான் இளைச்சி, பாக்க லட்சணமா இருந்தா."

சாவு வீட்டில் சண்டை கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அக்காவாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கேட்டிருப்பார். அவர் கேட்டிருக்கக்கூடியதைத்தான், அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா சென்னைப் பாடியில் பிறந்தவர், லேத் பட்டறைத் தொழிலாளியின் மகள். அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் அவருக்கு எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் குடும்பம். மற்றதில் வெளிநாட்டுக்காரர்கள். கென்யா, ஓமன், மாலத்தீவு என்று எங்கெங்கிருந்தோ எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்காக எங்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். விமானச் செலவைச் சேர்த்தாலும் அவர்கள் ஊரைவிட இங்கே குறைவு. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்துவிடுவார்கள். நாலாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள், விமானம் ஏறும்வரை அக்காவின் வீட்டில் தங்குவார்கள். நான் எழுதித் தரும் பட்டியல்படி அக்கா பருப்புத் தண்ணீரும் காய்கறி சூப்பும் வடிகட்டிக் கொடுப்பார். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்க வைப்பார். "வாக், மேடம், வாக். படுத்துகினே இருந்தா ரத்தம் கட்டிக்கும்." பாதி தமிழ், பாதி கைஜாடை. எல்லோருக்கும் புரிந்தது.

அக்காவும் பெரிய உடம்புக்காரர். ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர் பெருமூச்சு விடுவார். "உன் வண்டிதான் சின்னது, நைனா. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொள்வார்.

மரியம் கென்யாவில் பள்ளி ஆசிரியை. சர்க்கரை நோயும் முட்டிவலியும் சேர்ந்து, வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாமல் போனதால் இங்கே வந்தவர். அறுவை சிகிச்சை முடிந்து எட்டாம் நாள், அன்றைக்கே அவருக்கு விமானம். காலையிலிருந்து காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சு வாங்கல். அக்கா எனக்குப் போன் செய்தார். நான் வேலையில் இருந்தேன். "வாயுவா இருக்கும்க்கா. நிறைய பேருக்கு வர்றதுதான்" என்றேன்.

"வாயுவுக்கு உடம்பு கொதிக்குமா உமா? நாடி குதிரை மாதிரி ஓடுது. நான் இட்டுகினு வரேன்."

மூன்று மணிக்கு ஏஜென்ட் காருடன் வந்துவிட்டான். வெளிநாட்டு நோயாளிகளைப் பிடித்துத் தருபவன் அவன். அவன் கோபித்துக்கொண்டால் அக்காவின் வீடு காலியாகக் கிடக்கும். "டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு, டிக்கெட்டை மாத்த முடியாது. ஊருக்குப் போய்ப் பாத்துக்குவாங்க" என்றான். மரியமும் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையில், "நான் போய்விடுகிறேன்" என்றார்.

"ஏரோப்ளேன்ல உயிர் போச்சுன்னா அந்தப் புள்ளைங்களுக்கு நீ பதில் சொல்வியா?" என்று ஏஜென்டைக் கேட்டுவிட்டு, அதே காரில் மரியத்தை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார் அக்கா. அவன் முன்னிருக்கையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தானாம்.

பணியில் இருந்த இளம் டாக்டர் வலி மாத்திரை எழுதினார். அறுவை சிகிச்சை செய்த பெரிய டாக்டர் தன் அறையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் படியிறங்கி வந்தேன். நான் கண்டது இதுதான்: அந்த அறை வாசலில், நிலைக்கு நிலை அடைத்தபடி, தரையில் உட்கார்ந்திருந்தார் அக்கா.

"நான் உக்காந்தா வழி அடையுதுன்னு ஊரே சொல்லுது சார். இன்னிக்கு அடையட்டும். அந்தப் பொண்ணோட வயித்தத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க."

காவலாளிகள் இருவர் வந்தார்கள். தூக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்தது. டாக்டர் வேறு வழியின்றிப் போய் மரியத்தின் வயிற்றில் கை வைத்தார். அவர் முகம் மாறியது. ஸ்கேனில் தையல் விட்டிருப்பது தெரிந்தது. உடனே மறுபடியும் அறுவை சிகிச்சை. மரியம் ஆறு வாரம் கழித்து, நடந்தே போய் விமானம் ஏறினார்.

என்னை அக்கா திட்டவில்லை. "போன்ல வயிறு தெரியாது உமா. வந்து பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

ஏஜென்ட் அதன்பிறகு ஆள் அனுப்பவில்லை. வீடு சில மாதம் பூட்டிக் கிடந்தது. "ஆளைப் பார்சல் மாதிரி அனுப்புறவன் எனக்குத் தேவையில்ல" என்றார். பிறகு மரியம் சொல்லியனுப்பிய பெண்கள் நேராக அக்காவின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பெரிய டாக்டருக்கு அக்காவின் மேல் மரியாதை வந்துவிட்டது. ஒருநாள், "உங்களுக்கு ஆபரேஷனை இலவசமா பண்ணிடறேன், அதுக்கு முன்னே ஒண்ணு, பின்னே ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ மட்டும் வரவேற்பறையில மாட்டிக்கிறோம்" என்றார். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, இரண்டு மாடி ஏறி இறங்குகிறேன், எனக்கு என்ன நோவு என்று அக்கா கேட்டார்.

"மரியம் வெட்டிகினது மரியத்துக்கோசரம். என்னை எதுக்கு வெட்டணும்? பாக்குறவனுக்கோசரமா? அவன் வேணா கண்ண மூடிக்கட்டும்."

போன வருடம் முதுகிலும் மேல்வயிற்றிலும் வலி என்று அக்கா வேறொரு டாக்டரிடம் போனார். அவர் நாற்காலியைவிட்டு எழாமலே, "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். இரண்டு முறை போனார், இரண்டு முறையும் அதே பதில். பிறகு எடை தானாகவே குறையத் தொடங்கியது. தெருவே கொண்டாடியது. காய்கறிக் கடைக்காரர் ரகசியம் கேட்டார். சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நானும்தான், உணவியல் படித்த நானும்தான், "சூப்பர்க்கா, என்ன சாப்பிடுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒண்ணும் துண்றது இல்லம்மா. எறங்க மாட்டேங்குது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். நோய் ஈரல்வரை போயிருந்தது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவரோ அறிக்கையை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். "அன்னிக்கே ஏன் சார் வயித்தத் தொட்டுப் பாக்கல?" என்று கேட்டார். அவர் கணினித் திரையைப் பார்த்தபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு சார்."

அவர் பார்த்தார். "அடுத்து என்ன மாதிரி ஒருத்தி வந்தா எழுந்துவந்து பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா மெல்ல வெளியே வந்தார். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் முதன்முறையாக அந்தக் கை எவ்வளவு லேசாகிவிட்டது என்று உணர்ந்தேன்.

ஆகவே, லட்சணமா இருந்தா என்று சொன்ன அம்மாவுக்கும், அப்படி நினைக்கும் மற்றவர்களுக்கும்: அது லட்சணம் இல்லை. அது நோய். அக்காவைக் கொன்றது அவர் உடம்பின் பருமன் இல்லை. அந்தப் பருமனைத் தாண்டி உள்ளே பார்க்க மறுத்த கண்கள்தான் கொன்றன. அந்தக் கண்களில் என் கண்ணும் உண்டு.

சடங்கெல்லாம் முடிந்த மறுவாரம் பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெண் என் அறைக்கு வந்தார். பருமனானவர், கட்டட வேலை பார்ப்பவர். தீராத வயிற்றுவலி. டாக்டரின் சீட்டில் "எடை குறைப்பு உணவு ஆலோசனை" என்று மட்டும் இருந்தது. "வயித்தத் தொட்டுப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றார். சீட்டின் பின்பக்கம், "பரிசோதித்த பிறகு அனுப்பவும்" என்று எழுதி, நானே அவரை அழைத்துக்கொண்டு போனேன். சீட்டு எழுதிய டாக்டர் எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"நீங்க டயட்டீஷியன்தானே மேடம்?"

"ஆமா டாக்டர். நீங்க பாத்து முடிக்கிறவரைக்கும் இங்கேதான் நிப்பேன்" என்றேன். வாசலிலேயே நின்றேன். அவர் எழுந்து வந்தார்.

மல்லிகா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். இதை மட்டும் இளைக்க விடமாட்டேன்.